மலைநாட்டார் மீது வரும் சாராய, கஞ்சா வழக்குகள்

(ஜமுனாமரத்தூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கக் கூட்டமென்றால் கல்வி, உபகாரச் சம்பளம், சாதிச் சான்றிதழ், பட்டா ஆகியவற்றைப் பற்றிப் பிரஸ்தாபிப்பதே நமது வழக்கம். இன்று நமக்கு விதிக்கப்பட்ட விஷயமோ செவிக்கு இனியதன்று. சாராயமும் கஞ்சாவும் வைத்திருந்ததாகவும் விற்றதாகவும் நம்மவர் மீது தொடரப்படும் கிரிமினல் வழக்குகளைப் பற்றிப் பேசுமாறு நிர்வாக சபையார் பணித்திருக்கின்றனர். இதனைச் சபையிற் பேசினால் குலத்துக்கு இழிவு வருமென்று கருதுவார் சிலர் உளர். வழக்கு வந்த வீட்டில் ஆடும் மாடும் விலையாகி, புளியமரம் குத்தகைக்குப் போய், பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ கூலிக்குப் போவதைக் கண்டவர்க்கு, பேசாதிருப்பதே இழிவென்று தோன்றும். ஆதலின் ஒளிவுமறைவின்றிப் பேசத் துணிகின்றோம்.

முதலிற் பழங்கதை சிறிது. நம் மலைக்கும் கஞ்சாவுக்கும் உள்ள தொடர்பு இக்காலத்துப் போலீஸார் கண்டுபிடித்த புதுமையன்று. 1893-இல் இந்திய சர்க்கார் கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷனை நியமித்தனர். அக்கமிஷனார் 1894-இல் வெளியிட்ட அறிக்கையில், சென்னை மாகாணத்தில் கஞ்சா பயிராகும் இடங்களுள் ஒன்றாக ஜவ்வாது மலையும் குறிக்கப்பட்டுள்ளது. அதன் பின்னர் ஆப்காரி இலாகாவின் லைசென்சுக்கு உட்பட்டு இம்மலையிற் பயிரிடப்பட்ட காலமொன்றும் இருந்தது. பாட்டனார் லைசென்சு பெற்றுப் பயிரிட்ட செடியைப் பேரன் பயிரிட்டால் இன்று பத்து வருஷம் வரை கடுங்காவல் கிடைக்கும். செடி அதுவே, மாறியது சட்டம். சட்டம் மாறிய செய்தி மலையேறி வருவதற்குள் வாரண்டு வந்துவிடுகிறது என்பதுதான் நமது சங்கடம்.

சாராயத்தின் கதை வேறு. ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை 1937-இல் மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி, அவ்வருஷம் அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதல் அமுலுக்குக் கொண்டுவந்தது. 1938-இல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939-இல் நாம் அப்போது அடங்கியிருந்த வட ஆர்க்காடு ஜில்லாவுக்கும் அது பரவிற்று. யுத்த காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டுப் பின் மீண்டு, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுதும் நடந்தது. 1971-இல் ஒத்திவைத்தனர், 1974-இல் மீட்டனர், 1981-இல் மறுபடியும் கடைகளைத் திறந்தனர். 1983-இல் டாஸ்மாக் கம்பெனி தோன்றியது; 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. இத்தனை மாறுதலுக்கும் இடையே 1937-ஆம் வருஷத்துச் சட்டம் ரத்தாகவேயில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரோடு இன்றும் உயிருடன் இருக்கிறது. சர்க்காரே மது விற்கும் நாட்டில் மதுவிலக்குச் சட்டமா என்று நகைப்பவர் உண்டு. நகைக்கலாம். மாஜிஸ்டிரேட் முன் நிற்பவனுக்கு அந்த நகைப்பு உதவாது. விதிவிலக்கெல்லாம் லைசென்சு பெற்ற மதுவுக்கே அன்றிக் காட்டில் காய்ச்சியதற்கு இல்லை.

நிற்க. 1937-ஆம் வருஷத்துச் சட்டம் மதுவை மட்டுமன்று, போதை தரும் மருந்துப் பொருள்களையும் சேர்த்தே விலக்கிற்று. கஞ்சாவும் அதனுள் அடங்கியிருந்தது. 1985 நவம்பர் 14 முதல் மத்திய சர்க்காரின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நாடெங்கும் அமுலாயிற்று. அன்று முதல் கஞ்சா வழக்குகள் பெரும்பாலும் அச்சட்டத்தின்படியே தொடரப்படுகின்றன. சாராய வழக்குகள் நமது மாநிலச் சட்டத்தில் நிற்கின்றன. இவ்விரண்டையும் நம்மவர் ஒன்றெனக் கருதுவதால் விளையும் கேடு பெரிது. "சாராயக் கேஸுக்கு அபராதம் கட்டி வந்தோமே, இதுவும் அப்படித்தான் இருக்கும்" என்று எண்ணிக் கஞ்சா வழக்கிலே சும்மா இருந்தவர் வருஷக்கணக்கிற் சிறையிலிருக்க நேரிடுகிறது.

கஞ்சா வழக்கிலே எடைதான் தலையெழுத்து. ஒரு கிலோ வரையில் இருந்தால் அது சிறிய அளவு; ஒரு வருஷம் வரை கடுங்காவலோ, ரூ. 10,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்கு உட்பட்டால் பத்து வருஷம் வரை காவலும் ரூ. 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. 20 கிலோவைத் தாண்டினால் வியாபார அளவு. அதற்குப் பத்து வருஷத்துக்குக் குறையாத, இருபது வருஷம் வரையில் நீளக்கூடிய சிறையும், ரூ. 1 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். வியாபார அளவில் ஜாமீன் பெறுவது மலையைப் புரட்டுவது போன்றது. எதிரி குற்றம் செய்திருக்கமாட்டான் என்று நம்புதற்கு நியாயமான காரணம் உண்டென்று கோர்ட்டாருக்குத் தோன்றினாலன்றி 37-ஆம் பிரிவு கதவைத் திறவாது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் அவ்வகை வழக்கிற் போலீஸாருக்கு 180 நாட்கள் அவகாசம் உண்டு. ஆகவே மூட்டையொன்றைத் தலையில் தூக்கிக் காட்டுவழியாக இறக்கித் தருவதற்கு ஐந்நூறோ ஆயிரமோ கூலி பேசுகிறவன், அம்மூட்டையின் எடையைச் சொல்வதில்லை என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

எடையைப் பற்றி இன்னும் ஒன்று. சட்டத்தின்படி கஞ்சாவென்பது அச்செடியின் பூவும் காயும் நிறைந்த நுனிப்பகுதியே. நுனியோடு சேராத தனி இலையும் விதையும் கஞ்சாவாகா. செடியை வேரோடு பிடுங்கி, தண்டும் இலையும் மண்ணும் சேர்த்துத் தராசில் வைத்துக் கணக்கெழுதப்பட்டிருக்கிறதா என்று வக்கீலானவர் பார்க்கவேண்டும். ஒரு கிலோ என்னும் எல்லை அந்த மண்ணிலேயே தாண்டிப் போகக்கூடும். ஆயினும் செடியைப் பயிரிட்டதே தனிக் குற்றம். அதற்கு இத்தனை கிலோ என்ற எல்லை கிடையாது என்பதையும் உடன் சொல்லிவிடுகின்றோம். பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால் அது உபதேசமாகாது.

இனி, இவ்வழக்குகளின் உயிர்நிலைக்கு வருவோம். "வைத்திருத்தல்" என்ற ஒரு சொல்லிலேதான் மலைநாட்டார் வழக்குகள் யாவும் தொங்குகின்றன. ஒருவன் கையிலோ மடியிலோ இருந்தால் அதில் ஐயமில்லை. ஆனால் நம் மலையில் வீடென்பது யாது? திண்ணையும், தாழ்வாரமும், பூட்டில்லாக் கதவும். கொல்லையென்பது யாது? வீட்டுக்கு ஒரு மைல் தள்ளிச் சரிவிலே வேலியின்றிக் கிடக்கும் சாமைக் கொல்லை. அதன் ஓரத்தில் ஓடை; ஓடைக்கு அப்பால் ரிஸர்வ் காடு. ஊறல் போடுகிறவன் வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வந்து அவ்வோடையருகே பேரலைப் புதைத்துவிட்டுப் போகிறான். பேரலைக் கண்டுபிடித்து அழிக்கின்ற போலீஸார் யார் கொல்லைக்கு அருகில் என்று விசாரிக்கின்றனர். கொல்லைக்காரன் பெயர் எழுதப்படுகிறது. அவனே காய்ச்சினானா, கண்டும் காணாதிருந்தானா, காணவேயில்லையா என்பது மூன்று வேறு கதைகள். குற்றப்பத்திரிகையில் அது ஒரே கதையாகிவிடும்.

சுப்ரீம் கோர்ட்டார் பல தீர்ப்புகளில் சொல்லியிருப்பது என்னவெனில், வைத்திருத்தலென்றால் அறிந்து வைத்திருத்தலே. பொருள் அவனுடைய ஆதிக்கத்தில் இருந்ததும், அஃது இன்னதென அவன் உணர்ந்திருந்ததும் ஆகிய இரண்டும் வேண்டும். இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 35, 54-ஆம் பிரிவுகள், பொருள் ஒருவனிடம் இருந்ததென்று மெய்ப்பிக்கப்பட்டபின், அவன் அறிந்தே வைத்திருந்தான் என்று கோர்ட்டார் ஊகிக்க இடம் தருகின்றன. அறியேன் என்று நிரூபிக்கும் பாரம் அப்போது எதிரியின் தலைமேல் ஏறும். ஆனால் அப்பாரம் தானாகவே ஏறுவதன்று. முதலில் பிராசிக்யூஷன் தரப்பார் அடிப்படை உண்மைகளை ஐயமற நிலைநாட்டவேண்டுமென்று 2008-இல் நூர் ஆகா வழக்கிலே தீர்ப்பாயிற்று. யாருடைய கொல்லை? பட்டா யார் பெயரில்? பயிர் வைத்தது யார்? அவ்வழியே வேறு யார் போக்குவரத்து? இவற்றுக்கு விடை சொல்ல நம்மிடம் தஸ்தாவேஜு வேண்டும். பட்டா மாற்றாமல் பாட்டன் பெயரிலேயே நிலத்தை வைத்திருப்பதும், பங்காளிகள் வாய்ப்பேச்சாற் பாகம் பிரித்துக்கொள்வதும் இங்கே வந்து நம்மைச் சுடுகின்றன. பட்டாவைப் பற்றிச் சங்கம் ஓயாமற் பேசுவதன் அருமை இதனால் விளங்கும்.

அன்றியும் 46-ஆம் பிரிவு என ஒன்றுண்டு; நம்மவரில் பலர் கேள்விப்பட்டிரார். தன் நிலத்தில் கஞ்சாச் செடி சட்டவிரோதமாகப் பயிராகியிருப்பதைக் கண்டால் நிலத்துக்குடையவர் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். அறிந்தும் வாளாவிருந்தால் அதுவே தண்டனைக்குரியது. 47-ஆம் பிரிவு கிராம அதிகாரிகளையும் பஞ்சாயத்தாரையும் அவ்வாறே கட்டுப்படுத்துகிறது. "அடுத்தவன் வைத்தான், நமக்கென்ன" என்பது மலையில் நல்லொழுக்கமாயிருக்கலாம். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

சோதனையைப் பற்றிச் சொல்வோம். கஞ்சா வழக்கில் ஒருவனுடைய உடம்பைச் சோதிக்கும் முன்பு, கெஜட் பதிவு பெற்ற அதிகாரியின் முன்னிலோ மாஜிஸ்டிரேட் முன்னிலோ சோதிக்கப்பட உனக்கு உரிமையுண்டு என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டும். 2010-இல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு இவ்விதியை வழுவாது பின்பற்றவேண்டுமெனத் தீர்த்தது. ஸ்திரீகளை ஸ்திரீயே சோதிக்கவேண்டும். தோளிலிருக்கும் பைக்கும் தலைச்சுமைக்கும் இவ்வுரிமை செல்லாது, உடம்புக்கு மட்டுமே. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி, சோதனையையும் பொருளைக் கைப்பற்றுவதையும் செல்போனிலாவது ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும். அப்பதிவு உண்டா என்று முதல் வாய்தாவிலேயே கேட்கவேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் விடை கிடைப்பது அரிது.

வாக்குமூலமென்று ஒன்று வாங்குவார்கள். இதில் நம் மாநிலத்திலிருந்து எழுந்த வழக்கொன்றே நாடு முழுமைக்கும் வழிகாட்டியாயிற்று. தூபான் சிங் என்பவருக்கும் தமிழ்நாடு சர்க்காருக்கும் நடந்த அவ்வழக்கிலே 2020 அக்டோபர் 29 அன்று சுப்ரீம் கோர்ட்டார், போதைப்பொருட் சட்டத்தின்கீழ் விசாரிக்கும் அதிகாரிகளும் போலீஸாரைப் போன்றவரே. அவரிடம் எதிரி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராகச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்று பெரும்பான்மையாகத் தீர்த்தனர். ஆகவே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி என்ன இருக்கிறது என்று மனமொடிந்து வக்கீலைத் தேடாதிருப்பது பிசகு.

மகஜர்ச் சாட்சிகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டுகின்றோம்; ஏனெனில் இது நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ள காரியம். பொருளைப் பிடித்தவுடன் ஊரார் இருவரை அழைத்து மகஜரிற் கையெழுத்து வாங்குவது வழக்கம். நம்மவர் செய்வது இரண்டு. சிலர் படிக்காமலே, பொருளைப் பார்க்காமலே, போலீஸாரின் முகத்தைப் பார்த்துக் கையெழுத்திடுகின்றனர். வேறு சிலர் கண்ணாரக் கண்டு கையெழுத்திட்டுவிட்டு, கோர்ட்டில் ஏறியதும், உறவின்முறைக்கு அஞ்சி, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று பிறழ்ந்துவிடுகின்றனர். முதல் வகையால் நிரபராதி சிறைக்குப் போகிறான். இரண்டாம் வகையால் ஊரைக் கெடுப்பவன் வெளியே வருகிறான். காணாததற்குக் கையெழுத்திடாதிருக்கத் துணிவு வேண்டும். கண்டதைக் கூண்டிலேறிச் சொல்ல அதனினும் பெரிய துணிவு வேண்டும், அதுவும் எதிரி மாமன் மகனாயிருக்கும்போது. இது எளிதென்று யாம் சொல்ல வரவில்லை. ஆனால் நம் சாட்சிக்கு மதிப்பில்லையென்று ஆனபின், போலீஸார் தம்முள்ளேயே சாட்சி வைத்துக்கொண்டு வழக்கை முடிக்கின்றனர். அப்போது நம் பக்கத்து உண்மையைச் சொல்லவும் ஆளில்லாமற் போகிறது.

இனிச் சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சின் கருத்தென்று கொள்ளவேண்டும். மலையில் அதிகம் நடப்பது சிறு வழக்குகளே. ஐந்து லிட்டர், பத்து லிட்டர் சாராயம். லாரி டியூபிலோ கேனிலோ கொண்டுபோனபோது பிடிபட்டது. கோர்ட்டுக்கு மலையிறங்கிப் போகவேண்டும். பஸ் செலவு, கூலி நஷ்டம், ஒரு நாள் முழுதும் காத்திருத்தல். அங்கே யாரோ ஒருவர் சொல்கிறார்: "எத்தனை வாய்தாவுக்கு அலைவாய்? ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டு, இன்றோடு தொலைந்தது." அவனும் ஒப்புக்கொள்கிறான். பல வேளைகளில் சரக்கு அவனுடையதன்று. சரக்குக்காரனே அபராதப் பணத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். இரண்டு நாட் கூலியும் கொடுத்திருப்பான். ஏழைக்கு அது லாபமாகத் தோன்றுகிறது.

அந்த லாபத்தின் விலையைக் கேளுங்கள். ஒப்புக்கொண்டதால் விழுவது வெறும் அபராதமன்று. தண்டிக்கப்பட்டான் என்னும் பதிவு. அடுத்த வழக்கு வரும்போது அவன் புதியவனல்லன், பழைய குற்றவாளி. 1982-ஆம் வருஷத்து 14-ஆம் சட்டத்தைக் குண்டர் சட்டமென்று ஜனங்கள் அழைக்கின்றனரே, அதன் முழுப்பெயரிலே முதலில் நிற்பவர் சாராயம் காய்ச்சுவோர். போதைப்பொருட் குற்றவாளிகளும் அதிலுண்டு. அச்சட்டத்தின்கீழ் விசாரணையின்றி ஒருவனைப் பன்னிரண்டு மாதம் வரை காவலில் வைக்கலாம். கலெக்டர் உத்தரவிடும்போது அவர் முன் வைக்கப்படும் காகிதம் யாது? அன்று பஸ் செலவுக்கு அஞ்சி ஒப்புக்கொண்டவையும் அவற்றுள் அடங்கும். அவ்வுத்தரவை எதிர்த்து ஆலோசனைக் குழுவின் முன்னும் ஐகோர்ட்டிலும் முறையிடலாம். ஐகோர்ட்டார் ரத்துச் செய்யும் உத்தரவுகளும் பல. ஆயினும் ரத்தாவதற்குள் மாதங்கள் கழிந்து, விதைப்புப் பருவமும் போய்விடும்.

பிள்ளைகளின் உத்தியோகமோ இன்னும் வருந்தத்தக்கது. நம் மலைப் பிள்ளைகள் விரும்பிச் சேரும் உத்தியோகங்களுட் போலீஸ் உத்தியோகம் ஒன்று. ஓட்டத்திலும் கயிறேறுதலிலும் அவர்களை வெல்பவர் சிலரே. அவ்வுத்தியோக விதிகளின்படி, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவிக்கப்பட்டவனும் கிரிமினல் வழக்கிற் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படலாமென்று 2008-இல் சென்னை ஐகோர்ட்டின் முழு அமர்வு தீர்த்தது. விடுதலை பெற்றவன் கதியே இதுவாயின், ஒப்புக்கொண்டவன் கதி என்ன? வழக்கை மறைத்து விண்ணப்பம் எழுதினால் அதுவே வேறொரு காரணமாகி வேலை போகும். மாமன் சரக்கைச் சுமந்த மருமகன் இருபது வயதிலே தன் உத்தியோகத்தை ஐந்நூறு ரூபாய்க்கு விற்றுவிடுகிறான். விற்றது அவனுக்கே தெரிவதில்லை.

இம்மலையிலேயே இதற்கு மாறான தோற்றமும் உண்டு. ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த திருமதி ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்ற செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று, முதலமைச்சரும் வாழ்த்தினார். கைக்குழந்தையைப் பெற்ற சில தினங்களிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வெழுதினார் என்று பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தின் மேடையில் ஏற நம்மவரால் ஆகும்; கூண்டில் மட்டும் நிற்கப் பிறந்தவரல்லோம்.

சரக்குக்காரன் என்று பலமுறை சொன்னோம். அவன் யார்? நம்மவனாகவும் இருப்பான், பெரும்பாலும் கீழ்நாட்டிலிருந்து பணம் போடுபவனாயிருப்பான். பணத்தை முன்பணமாகக் கொடுத்து மலையாட்களைக் கூட்டும் தந்திரம் நமக்குப் புதிதன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டிலே செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டவர் திருவண்ணாமலை, தருமபுரி முதலான தமிழ்நாட்டு மாவட்டத்தார். நம் மலைச்சாரலிலும் ஒப்பாரி கேட்டது. முன்பணம் கொடுத்த தரகர் அக்காட்டிலே நிற்கவில்லை. ஆந்திர-ஒடிசா எல்லையிலுள்ள மலைகளில் கஞ்சா பயிரிட்ட பழங்குடியினரின் கதையும் இதுவே. வெளியூர் வியாபாரி விதையும் முன்பணமும் கொடுத்தான். 2021-இல் ஆந்திரப் போலீஸார் பரிவர்த்தனை என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் செடிகளை வெட்டிச் சாய்த்தனர். அதே வருஷம் டிசம்பரில் நமது மாநிலப் போலீஸார் கஞ்சா வேட்டையைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைக் கைதுசெய்தனர். வேட்டையென்ற சொல்லைக் கேட்டதும் யாம் நினைத்தது, வேட்டையில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் மானே அன்றிப் புலியன்று என்பதே.

கள்ளக்குறிச்சியைப் பேசாது இப்பேச்சை முடிக்கலாகாது. 2024 ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் மடியத் தொடங்கி, முடிவில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கணவனும் மனைவியும் ஒருங்கே போய்க் குழந்தைகள் அநாதையான வீடுகள் உண்டு. அதற்கு முந்தைய வருஷம் மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். இரண்டிடத்தும் கொன்றது மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயமன்று, தொழிற்சாலைகளுக்குரிய மெத்தனால். அது மலையில் விளைவதில்லை. டிரம்முகளிலே கீழ்நாட்டுச் சாலை வழியாக வந்தது. ஆயினும் கருணாபுரத்துக்குப் பிறகு கல்வராயன் மலையில் நம் உறவினர் குடிசைகள்தோறும் சோதனை நடந்தது. சென்னை ஐகோர்ட்டார் அம்மலைவாசிகள் எப்படி வாழ்கின்றனர் என்பதையே தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டனர். சாராயக் கேஸ் என்றால் தண்டனையைப் பற்றி மட்டுமே பேசும் நாட்டில், சாலையும் பள்ளியும் உண்டா என்று கோர்ட்டார் கேட்டது பாராட்டத்தக்கது. அவ்வழக்கின் புலன்விசாரணையை 2024 நவம்பரில் ஐகோர்ட்டார் சி.பி.ஐ. வசம் ஒப்புவித்தனர்.

அத்துயரத்தை அடுத்து 2024 ஜூன் கடைசியிலேயே சட்டசபையார் 1937-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளை உயர்த்தினர். கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுட்காலக் கடுங்காவலும் ரூ. 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். இதனை யாம் குறை கூறோம். விஷம் விற்றவனுக்கு இரங்குவது இறந்தவனுக்குத் துரோகம். எமது குறை வேறு: உயர்த்தப்பட்ட தண்டனை யார் மேல் விழுகிறது என்பதே. ஐந்து லிட்டர்க் கேனோடு பிடிபட்டவனிடம், இதை யார் கொடுத்தார், எந்தப் போனிலிருந்து அழைப்பு வந்தது, எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்தது என்று கேட்டு எழுதி, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போகும் புலன்விசாரணை நமக்கு வேண்டும். கேனோடு வழக்கை முடித்துக்கொண்டால் கணக்கிலே ஒரு வழக்குக் கூடும். மறுநாள் வேறொருவன் தோளில் அதே கேன் ஏறும். இதனைக் கோரிச் சங்கத்தின் சார்பில் மூன்று மாவட்டக் கலெக்டர்களுக்கும் போலீஸ் சூப்பிரண்டுகளுக்கும் விண்ணப்பம் அனுப்ப நிர்வாக சபையார் இசைந்திருக்கின்றனர்.

விண்ணப்பம் அனுப்புகின்ற நாம் நம் பக்கத்தையும் திருத்தவேண்டாவா? காய்ச்சுகிறவன் இன்னான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாட்டுப் பஞ்சாயத்தில் அவனுக்கு அபராதம் போட்டு, அப்பணத்தைக் கோயிலுக்கு எழுதிக்கொண்டு, காரியம் முடிந்ததென்று கலைந்துபோவது சில ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. தைத் திருநாளில் அவனே முதல் மரியாதை பெறுகிறான். இஃது அபராதமாகாது, அனுமதிச் சீட்டாகும். வேறு சில ஊர்களில் தாய்மார்கள் சேர்ந்து ஊறற் பானைகளை உடைத்திருக்கின்றனர். அவர்களை வீட்டாரே அடக்கினர் என்றும் கேள்வி. அடக்கியவர்கள் எவராயினும், அப்பெண்கள் செய்தது சங்கம் செய்யவேண்டிய வேலை.

கடைசியாக, வழக்கு வந்துவிட்ட குடும்பத்தார் செய்யவேண்டியதைச் சொல்லி அமர்கின்றோம். பழங்குடிப் பட்டியலில் மலையாளி எனப் பதிவுபெற்ற நமக்கு, 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாயினும் இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரவேண்டும். காவலிலுள்ள எவர்க்கும் அவ்வுரிமை உண்டு. கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் கொண்டுபோகப்படும்போதே, "எனக்கு வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொன்னாற் போதும். வீட்டார் 15100 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். நிலத்தை அடகு வைத்துப் பணம் திரட்டிய பின்பு வக்கீலிடம் போவோம் என்று காத்திருக்க வேண்டா. மகஜர் நகல், கைதுக் காரணம் எழுதிய காகிதம், நிலப் பட்டா, சாதிச் சான்றிதழ், எதிரி அன்று வேறிடத்தில் வேலை செய்திருந்தால் அதற்குரிய கூலிச்சீட்டு ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்து வைக்கவேண்டும். "ஒப்புக்கொள்" என்று யார் சொன்னாலும், வக்கீலைக் கேளாமல் ஒப்புக்கொள்ளலாகாது. சொல்பவர் உறவினராயிருந்தாலும் அவ்வாறே.

இப்போது வாய்தா நடந்துகொண்டிருக்கும் குடும்பத்தார், கூட்டம் கலைந்தபின் காரியதரிசியிடம் வழக்கு நம்பரையும் கோர்ட்டின் பெயரையும் எழுதிக் கொடுத்துச் செல்லவேண்டுகின்றோம். எழுதத் தெரியாதவர்க்கு எழுதித்தர நம் கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் வாயிலண்டை மேசை போட்டு அமர்ந்திருக்கின்றனர்.